தீப்பெட்டிப் படங்களின் திரட்டும் மாற்றும்

முன்னுரை

பயன் கருதிப் பொருளை வாங்குதல் உலகியல்பு. பயன் தீர்ந்த பின்னும் அப்பொருளை எறியாது பேணுதலும், தம்மிடம் மிகுதியாக உள்ளதைப் பிறர்க்குக் கொடுத்துத் தம்மிடம் இல்லாததைப் பெறுதலும் வேறொரு நெறியாகும். அஞ்சல்தலையும் நாணயமும் திரட்டுவோர் இந்நெறியினர் என்பதை யாவரும் அறிவர். கையால் இயக்கி விடை காணும் பொறிப்புதிர்களைத் திரட்டுவோரும் உலகில் பலர் உளர். அமெரிக்கரான ஜெரி ஸ்லோகம் 1978ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் அத்தகையோர் சிலரை அழைத்துக் கூட்டிய கூட்டம் பின்னர்ப் பல நாடுகளில் மாறி மாறிக் கூடும் பேரவையாக வளர்ந்தது. அங்கு மாற்றில் கலந்துகொள்வோர் ஒரே புதிரின் பல படிகளைக் கொணர்ந்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வர்.

இத்தகைய திரட்டு பொழுதுபோக்காகவே நின்றுவிடுவதன்று. பதினைந்து எண் கட்டைகளை ஒரு சதுரச் சட்டத்துள் நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிர் ஒன்று 1880ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருமோகத்தை விளைத்தது. அதனைத் தாமே இயற்றியதாகச் சாம் லாய்டு என்பவர் கூறிவந்தார். 1911இல் அவர் மறைந்த பின்னரும் அக்கூற்றே வழங்கி வந்தது. பழம்புதிர்களையும் செய்தித்தாள்களையும் உரிமைப்பதிவு ஏடுகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த ஸ்லோகமும் சானவெல்டும், கானஸ்டோட்டா என்னும் சிற்றூரின் அஞ்சல் அலுவலர் நாய்ஸ் சாப்மன் என்பவரே அதன் மூலவர் என்பதை 2006இல் வெளியிட்ட நூலில் நிறுவினர். ஸ்லோகத்தின் 30,000க்கு மேற்பட்ட புதிர்கள் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்திற்கு உரியவாயின. விளையாட்டுப் பொருளென எண்ணப்பட்டவை வரலாற்றைத் திருத்தும் சான்றாயின என்பது இங்கு நாம் மனங்கொள்ளத்தக்கது.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இத்தகைய திரட்டிற்கும் மாற்றிற்கும் உரிய பொருள் யாது என வினவின், தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படம் என்பதே விடை. தொழிற்சாலையில் ‘லேபிள்’ என்றும், சிறுவர் வழக்கில் ‘தீப்பெட்டிப் படம்’ என்றும் வழங்கும் இச்சிறுதாளை எவ்வாறு திரட்டினர், எவ்வாறு மாற்றினர், அதனை எழுத்துச் சான்றாகக் கொள்ளுதற்கு நாம் செய்யத்தக்கன யாவை என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

படம் வந்த வரலாறு

உராய்வினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1826, 1827ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கண்டறிந்தார். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாசுவரத்தைப் பூசி, அதில் உரசினாலன்றிப் பற்றாத காப்புத் தீக்குச்சிக்கு 1844இல் சுவீடன் நாட்டுக் குஸ்டாப் எரிக் பாஷ் வழிகண்டார். அந்நாட்டின் யான்சேப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறந்தார் அதனைப் பெருந்தொழிலாக்கினர். சுவீடன், ஆஸ்திரியா, சப்பான் ஆகிய நாடுகளிலிருந்து தீப்பெட்டிகள் இந்தியாவிற்கு வந்தன. அவ்வாறு வந்த பெட்டிகள் பலவற்றில் இந்தியத் தெய்வங்களின் உருவங்கள் அச்சிடப் பெற்றிருந்தன. கண்ணனையும் இலக்குமியையும் நேரிற் கண்டறியாத நாட்டினர், வாங்குவோரின் உள்ளம் கவர அவ்வுருவங்களைத் தம் பெட்டிமேல் ஏற்றினர்.

பொறிப்புதிர் உலகிலும் இதற்கு ஒப்பு உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1883இல் வெளியிட்ட ‘அனாய் கோபுரம்’ என்னும் வட்டுப் புதிருடன், காசிக் கோயிலில் 64 பொன்வட்டுக்களை அந்தணர் இடம்பெயர்த்து வருகின்றனர் என்னும் கதை இணைந்து பரவியது. கதை காசியினுடையதாக இருப்பினும் புதிர் பிரான்சினுடையது. எனவே, ஒரு பொருளின் மேலுள்ள படத்தையோ கதையையோ மட்டும் கொண்டு அதன் பிறப்பிடத்தை உறுதி செய்தல் கூடாது. தீப்பெட்டிப் படத்தை ஆராய்வோர்க்கு இதுவே முதற்பாடம் ஆகும்.

1922இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது வாய்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, பூரணசந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கிற்று. மழை குறைந்த அக்கரிசல் நிலத்தில் உழவு மட்டும் வாழ்வளிக்கவில்லை. அதே வறண்ட காற்று, குச்சியும் மருந்தும் உலர்வதற்கு உறுதுணையாயிற்று. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், கோவிற்பட்டி, கழுகுமலை என இத்தொழில் பரவியது. சுவீடன் நாட்டார் நிறுவிய ‘விம்கோ’ என்னும் பெருநிறுவனமும் 1923இல் தோன்றியதே. இயந்திரத்தால் செய்யும் அப்பெருநிறுவனத்தோடு, கையால் செய்யும் சிறு தொழிற்சாலைகள் போட்டியிட வேண்டியிருந்தது.

போட்டியில் படத்திற்குத் தனியிடம் உண்டு. ஒரு பண்டல் என்பது 600 பெட்டிகள். ஆதலின் ஒரு பண்டலுக்கு 600 சிறு படங்கள் வேண்டும். டசன் கட்டாகக் கட்டினால் கட்டின்மேல் ஒட்ட மேலும் 50 பெரிய படங்கள் வேண்டும். நாள்தோறும் எத்துணைப் படங்கள் தேவைப்பட்டிருக்கும் என்பதை இதனால் உய்த்துணரலாம். இத்தேவையே சிவகாசியில் அச்சகங்கள் பெருகுவதற்குக் காரணமாயிற்று. நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிடும் ஊராகச் சிவகாசி பின்னர்ப் பெற்ற பெயருக்கு இச்சிறு படங்களே வித்து எனலாம்.

சிறுவர் மாற்றும் பெரியோர் மாற்றும்

தீப்பெட்டிப் படங்களைத் திரட்டியவர்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் சிறுவர். காலியான பெட்டியை நீரில் நனைத்துப் படத்தை உரித்தெடுப்பர். அல்லது பெட்டியின் முகப்பை அப்படியே கிழித்துக்கொள்வர். தரையில் வட்டம் கீறி, அதனுள் படங்களை அடுக்கி, தொலைவில் நின்று சில்லை எறிந்து, வட்டத்திற்கு வெளியே சென்ற படங்களை வென்றவர் எடுத்துக்கொள்வது ஒரு விளையாட்டு. விளையாடாது நேரே மாற்றிக்கொள்வதும் உண்டு. அம்மாற்றில் எல்லாப் படத்திற்கும் ஒரே மதிப்பு இல்லை. உள்ளூர்க் கடையில் நாள்தோறும் விற்கும் பெட்டியின் படம் மதிப்புக் குறைந்தது. பேருந்து நிலையத்தில் வெளியூரார் எறிந்து சென்ற பெட்டியின் படம், உள்ளூர்ப் படங்கள் பலவற்றுக்கு ஈடாகும். ஒரு பொருளின் விலையை அதன் அருமையே உறுதி செய்கின்றது என்னும் பொருளியல் உண்மையைச் சிறுவர் ஏட்டிற் படியாது தெருவிற் கற்றனர்.

பெரியோர் திரட்டு வேறு வகையது. தீப்பெட்டிப் படம் திரட்டும் கலைக்கு மார்ஜரி எவான்ஸ் என்னும் அம்மையார் 1943இல் ‘பில்லுமெனி’ எனப் பெயரிட்டார். ‘அன்பு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ‘ஒளி’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லும் இயைந்தது அது. இங்கிலாந்தில் 1945இல் இதற்கெனச் சங்கமும் தோன்றியது. இத்தகையோர் நாடு, நிறுவனம், பொருள் என வகுத்து ஏடுகளில் ஒட்டி, அஞ்சல் வழியாக மாற்றிக்கொள்வர். பெட்டியில் ஒட்டப்பெற்று உரிக்கப்பட்ட படத்தையும், அச்சகத்திலிருந்து ஒட்டப்படாமலே வெளிவந்த படத்தையும் அவர் வேறுபடுத்திக் காண்பர்.

இவ்விருவகை மாற்றிற்கும் அடிப்படை ஒன்றே. ஒருவரிடம் ஒரே படம் இரண்டு இருத்தல் வேண்டும். மிகுந்த ஒன்றையே மாற்றிற்குக் கொடுப்பர். அதனை ‘இரட்டை’ எனக் கூறலாம். ஆயின் இரட்டை என நாம் கருதுவது உண்மையில் இரட்டைதானா என்பது ஆராய்தற்குரியது.

இரட்டையும் பாடவேறுபாடும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஒரே நூலின் இரு படிகளை ஒன்றெனக் கொள்ளார். ஓரெழுத்து மாறினும் அதனைப் பாடவேறுபாடு எனக் குறிப்பர். தீப்பெட்டிப் படத்திற்கும் அந்நெறியே பொருந்தும். உருவமும் பெயரும் ஒன்றாக இருப்பினும், அடியில் உள்ள சிற்றெழுத்துக்கள் வேறுபடலாம். அவ்வேறுபாடே காலத்தைக் காட்டுவது.

இதற்குச் சில அளவுகோல்கள் உள. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி ஏற்பட்டது. பெட்டியில் அடங்கும் குச்சிகள் 40, 60, 80 என்னும் எல்லைகளுள் எதனுள் அடங்குகின்றன என்பதை நோக்கி அவ்வரி அமைந்தது. வரி செலுத்தியமைக்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டிய தாள்பட்டை இருப்பின், அப்பெட்டி அவ்வாண்டிற்கு முற்பட்டது அன்று. ‘நயா பைசா’ என்னும் சொல் காணப்படின், 1957 ஏப்ரல் முதல் 1964 வரை அப்பெயர் வழங்கிய காலத்தை அது நினைவூட்டும். மாநிலத்தின் பெயர் ‘தமிழ்நாடு’ என இருப்பின், பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்த 1969 சனவரி 14ஐ ஒட்டியதாகவோ பிற்பட்டதாகவோ பெரும்பாலும் கொள்ளலாம். 626123 என்பதுபோல ஆறிலக்க அஞ்சல் எண் இருப்பின் 1972 ஆகஸ்டு 15க்குப் பிற்பட்டது. முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என இருப்பின், 1985இல் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன் எழுந்த வாசகம் அது. காமராசர் மாவட்டம் என இருப்பின், விருதுநகர் மாவட்டம் என்னும் பெயர் நிலைபெறுவதற்கு முற்பட்ட வாசகம் ஆகும்.

அச்சு முறையும் சான்று தரும். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே ஏற்றப்படும். ஒரு வண்ணம் சிறிது விலகின் உருவத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடோ இரட்டை விளிம்போ தோன்றும். நால்வண்ணப் புள்ளியச்சை உருப்பெருக்கியால் நோக்கின் சிறு புள்ளிகளின் கூட்டம் தெரியும்.

எனினும் இவற்றை ஆளும்பொழுது ஒன்றை மறத்தல் கூடாது. புதுமை காட்டும் குறிப்பு, படம் அதற்கு முற்பட்டதன்று என்பதை நிறுவும். பழமை காட்டும் குறிப்பு அவ்வாறு எதையும் நிறுவாது. மாவட்டப் பெயர் மாறிய பின்னும் கைவசம் இருந்த பழைய அச்சுத்தகட்டையே அச்சகத்தார் பயன்படுத்தியிருக்கலாம். ஆகவே பல குறிப்புக்கள் ஒருங்கு கூடிய இடத்தே மட்டும் காலவரையறை செய்தல் முறை.

இதனால் பெறப்படுவது யாது? இரட்டை எனக் கருதி மாற்றிற்குக் கொடுத்துவிடும் படத்திலேதான் வரலாறு மறைந்திருக்கக்கூடும். மாற்றுவோர் அருமையானதை விரும்புவர். ஆராய்வோர்க்கோ எளிதிற் கிடைப்பதே பெரிதும் வேண்டும். இலட்சக்கணக்கில் விற்ற பெட்டியின் படமே மக்கள் அன்றாடம் கண்ட படம். ஒரு முறை அச்சிட்டு நின்றுபோன அரிய படம் பலர் கண்ணிற் படாதது. இவ்விரு நோக்கிற்கும் இடையே உள்ள முரணை உணராது திரட்டின், அழகிய ஏடு கிடைக்கும்; சான்று கிடையாது.

அச்சுப்பெயரும் பேச்சுப்பெயரும்

மொழி ஆராய்வார்க்கு இப்படங்கள் தனிப்பயன் தருவன. சிவகாசிப் பெட்டிகள் இந்தியா முழுதும் சென்றமையால் அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், விற்குமிடத்திற்கேற்பப் பிற மொழிகளிலும் அச்சாயின. எழுத்தறியாதாரும் கடையில் கேட்டு வாங்குதல் வேண்டும். ஆதலின் பெயரைவிட உருவமே முதன்மை பெற்றது. அணில், சேவல், கிளி, மாம்பழம் போன்ற ஒரே நோக்கில் அடையாளம் காணத்தக்க உருவங்களை இத்தொழில் நாடியமைக்குக் காரணம் இதுவே. விம்கோ நிறுவனத்தின் பெட்டியில் அச்சாகியது ஆங்கிலப் பெயரே ஆயினும், மக்கள் கேட்டது ‘கப்பல்’ என்றே. அச்சுப்பெயர் ஒன்று, பேச்சுப்பெயர் மற்றொன்று. படத்தைத் திரட்டுவோர் அச்சுப்பெயரை மட்டும் குறித்துவைப்பின் தமிழ்ப்பெயர் அழிந்துபோம்.

பொருளின் பெயரே இடந்தோறும் வேறுபடுகின்றது. தீப்பெட்டி என்பது பொதுவழக்கு. வத்திப்பெட்டி என்பது தமிழ்நாட்டில் பல பகுதிகளில் கேட்கப்படுவது. இலங்கைத் தமிழர் நெருப்புப்பெட்டி என்பர். இவ்வேறுபாடுகளும் திரட்டுக்குறிப்பில் இடம்பெறத்தக்கன.

படத்தில் இல்லாத கைகள்

தீப்பெட்டிப் படத்தில் தெய்வம் உண்டு, விலங்கு உண்டு, நடிகர் உருவம் உண்டு. அதனை ஒட்டியவர் உருவம் இல்லை. கையால் செய்யும் தொழிலில் பெண்களின் உழைப்பே பெரிது. அவர்களோடு சிறுவர் சிறுமியரும் நெடுங்காலம் உழைத்தனர். ஓரூர்ச் சிறுவன் விளையாட்டிற்காக உரித்த படத்தை, சிவகாசிச் சிற்றூரில் அவனை ஒத்த வயதுடைய சிறுமி கூலிக்காக ஒட்டியிருக்கக்கூடும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிப்பொருள், பட்டாசு செய்தலைத் தடைசெய்யப்பெற்ற வேலைகளுள் சேர்த்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 திசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு மாறாகப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் அமர்த்தியவர் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என அது பணித்தது. 2016இல் வந்த திருத்தம், 14 வயதிற்குட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துவதையே, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்க, தடைசெய்தது.

இதனைக் கூறுவது திரட்டுவோரைக் குறைகூறுதற்கன்று. படத்தின் வரலாற்றை எழுதுவோர் ஓவியனையும் அச்சகத்தையும் மட்டும் எழுதி நின்றுவிடுதல் கூடாது என்பதற்கே. அவ்வுழைப்போடு பிறந்த சொற்களும் உள. சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அமைப்பது ‘கட்டை அடுக்குதல்’. குச்சியின் தலையை வேதிக்கலவையில் தோய்ப்பது ‘மருந்து முக்குதல்’. பெட்டியில் குச்சி நிரப்புவது ‘குச்சி அடைத்தல்’. இவ்வேலைகளை இயந்திரம் மேற்கொள்ளும்பொழுது இச்சொற்களும் வழக்கொழியும். அவற்றை அறிந்த முதிய பெண்கள் இன்றும் உளர்.

திரட்டுவோர் செய்யத்தக்கன

முன்னாளில் மெல்லிய மரத்தகட்டால் பெட்டி செய்து, அச்சிட்ட தாளை மேலே ஒட்டினர். பின்னர் அட்டைப்பெட்டி வந்தது. படம் அட்டையிலேயே அச்சாயிற்று. ஒட்டப்படாத படத்தை உரித்தல் இயலாது. எனவே பழைய படங்களையும் புதிய பெட்டிகளையும் ஒரே முறையில் பேணுதல் பொருந்தாது.

மரப்பெட்டி முழுமையாகக் கிடைப்பின் அதனை உரித்தல் கூடாது. உரித்தபொழுதே வரிப்பட்டையும் பக்கத்து மருந்துப்பூச்சும் படத்தினின்று பிரிந்துவிடும். பெட்டி சிதைந்திருப்பின், நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்த பின்னரே தூய நீரில் ஊறவைத்துப் படத்தைப் பிரிக்கலாம். அதனை மை ஒற்றுந்தாள்களுக்கு இடையே வைத்து உலர்த்துதல் நன்று. அட்டைப்பெட்டியாயின் முகப்பை வெட்டாது, ஒட்டிய மடிப்பை மெல்லப் பிரித்து முழுமையும் விரித்து வைத்தல் வேண்டும். தீக்குச்சிகளை நீக்கிவிட்டே பெட்டியைப் பேணல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒவ்வொரு படத்திற்கும் ஒரு குறிப்பட்டை வேண்டும். கிடைத்த இடம், கிடைத்த நாள், அச்சுப்பெயர், பேச்சுப்பெயர், முகவரி வாசகம், குச்சி எண்ணிக்கை, விலை, பெட்டியின் பொருள் என்னும் எட்டும் அதில் அமைதல் தகும். விலை சிறுசெய்தி எனத் தள்ளத்தக்கதன்று. சில்லறை விலை 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயாகவும், 2021 திசம்பர் முதல் நாளில் இரண்டு ரூபாயாகவும் உயர்ந்தது. எனவே விலை அச்சாகிய பெட்டி தன் காலத்தையும் உடன் கூறும்.

பட்டாசுப் படங்களுக்கு இன்னும் விரைவு வேண்டும். தீப்பெட்டி காலியான பின்னும் பெட்டி எஞ்சும். பட்டாசோ தன்மேற் சுற்றிய தாளோடு வெடித்துச் சிதறுவது. ஆகவே உறைகளும் கட்டுப் படங்களுமே எஞ்சுவன.

முடிவுரை

மேற்கூறியவாற்றான், தீப்பெட்டிப் படம் ஒரே பொருளில் அச்சுக்கலை, வரி வரலாறு, மொழிவழக்கு, உழைப்பு ஆகிய நான்கிற்கும் சான்றாவது அறியப்படும். அச்சான்று திரட்டுவோர் கையில் இருந்தமையாலேயே இதுவரை எஞ்சியது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்ச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுத்தாள்களும், அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயின. நூல் அல்லாத தாள்களும் ஆராய்ச்சிக்கு உரியன என்பதற்கு நம் நாட்டிலேயே அமைந்த சான்று அது.

தீப்பெட்டித் தொழிலின் நிலை இன்று உறுதியாக இல்லை. மலிவான பற்றவைப்பான்கள் அதன் இடத்தைக் கவர்ந்தமையால், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ளவற்றின் இறக்குமதியை 2023 சூனில் ஒன்றிய அரசு தடைசெய்தது. தொழில் நிலைபெறினும் பழைய படங்களும் பழைய சொற்களும் தாமே நிலைபெறா. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகள், மாணவர்தம் இல்லங்களிலும் அச்சகங்களின் பழைய மாதிரி ஏடுகளிலும் உள்ள படங்களைக் குறிப்பட்டையோடு சேர்த்தலையும், கட்டை அடுக்கிய பெண்களிடமிருந்து தொழிற்சொற்களைக் கேட்டெழுதுதலையும் ஒரே பணியாக மேற்கொள்ளலாம். முதற்கட்டமாக ஒரு வட்டத்தை, சிவகாசியையோ சாத்தூரையோ, எடுத்துக்கொண்டு ஓராண்டில் அதனை நிறைவு செய்தல் இயலும் என்பது நம் கருத்து.